உறைந்த கடலும் ஓர் அளவு ஜாக்கெட்டும்

காலையில் நான் முதலில் செய்கிற வேலை டென்மார்க்கை அழிப்பது.

துபாயில் ஒரு மாலுக்குள் இருக்கும் ஐஸ் ரிங்கில் எனக்கு வேலை. வெளியே கார்க் கதவைத் தொட்டால் விரல் பொத்துப்போகிற ஊரில், உள்ளே நாங்கள் சிலபேர் ஸ்வெட்டரும் கையுறையுமாக ஐஸைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம். சறுக்கிக் கீறிப்போட்ட பரப்பை ஒரு வண்டியை ஓட்டிச் சுரண்டி எடுத்து, அதன்மேல் வெந்நீரை மெல்லிசாக விட வேண்டும். வெந்நீர்தான். புதிதாக வேலைக்கு வருகிற யாரும் நம்புவதில்லை. சுடுதண்ணீர்தான் கீறலுக்குள் இறங்கி, பழைய ஐஸைக் கொஞ்சம் கரைத்து, அதோடு ஒன்றாகி, கண்ணாடியாக உறையும். அவ்வப்போது அங்கங்கே துளை போட்டு ஸ்கேலை விட்டு கனம் பார்ப்போம். ஓரங்கள் தடித்துவிடும். எல்லோரும் சுற்றுகிற பாதை தேய்ந்துவிடும். கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளை. அளந்தால்தான் தெரியும்.

பொதுமக்களை விடுவதற்கு முன்னால் சந்தா கட்டிய சிலர் மட்டும் சறுக்க வருவார்கள். அதில் ஒரு கிழவர், டென்மார்க்காரர். கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, மகன் வீட்டோடு இங்கே வந்து தங்கியிருப்பவர். அதே நேரத்தில் சிறு பெண்களுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு கோச் வருவாள், ஸ்வீடன்காரி. இரண்டு பேரும் பார்த்த மாத்திரத்தில் முந்நூறு வருஷத்துக்கு மேலான சண்டையைப் பிரித்து வைத்துக்கொள்வார்கள்.

"வா, எங்கள் மண்ணில் பிறந்தவளே" என்பார் கிழவர். அவளுடைய ஊர் தெற்கு ஸ்வீடனில். ஒரு காலத்தில் அது டென்மார்க்கின் சொத்து.

"வேண்டுமானால் திருப்பித் தருகிறோம். நடந்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு நடக்கத் தெரிந்தது" என்பாள் அவள்.

என்ன நடந்தது என்று ஒருநாள் கேட்டேன். கிழவர் சறுக்குக் காலணியின் நுனியால் ஐஸ் மீதே வரைந்தார். இடது பக்கம் கட்டை விரல் மாதிரி நீட்டிக்கொண்டு ஒரு தீபகற்பம். அதற்கடுத்து ஒரு தீவு, சின்னச் சின்னத் தீவுகள், கடைசியில் பெரிய தீவு. பெரிய தீவின் ஓரத்தில் காலை அழுத்தி ஒரு புள்ளி. தலைநகரம், கோபன்ஹேகன்.

ஸ்வீடன் அரசன் போலந்தில் சண்டையில் மாட்டிக்கொண்டிருக்கிறான், இதுதான் சமயம் என்று டென்மார்க் அரசன் போரை அறிவித்தான். ஸ்வீடன்காரன் அங்கிருந்து திரும்பி ஓட்டமாக ஓடிவந்து தீபகற்பத்தைப் பிடித்துவிட்டான். ஆனால் தலைநகரம் கடலுக்கு அந்தப் பக்கம். அவனிடம் கப்பல் போதாது. கடல் போதும், நம்மைக் காக்கும் என்று டென்மார்க் நினைத்தது. அந்தக் குளிர்காலம் பார்த்துக் கடல் உறைந்தது. ஒருவனை அனுப்பி ஐஸ் தாங்குமா என்று பார்த்துவரச் சொன்னான் ஸ்வீடன் அரசன். தாங்கும் என்றான் அவன். குதிரை, பீரங்கி, சறுக்கு வண்டி எல்லாமாகப் படை கடல்மேல் இறங்கி நடந்தது. சில இடங்களில் உடைந்தது. குதிரையோடு ஆட்கள் உள்ளே போனார்கள். மற்றவர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். தீவு தீவாகத் தாண்டி, யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து தலைநகரத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். டென்மார்க் பாதி நாட்டை எழுதிக் கொடுத்தது.

"யாரும் எதிர்பார்க்கவில்லை. அதுதான் விஷயம்" என்றாள் ஸ்வீடன்காரி.

"அது முதல் பாதி. இரண்டாம் பாதி இருக்கிறது" என்றார் கிழவர். அதற்குள் எனக்கு நேரமாகிவிட்டது. வண்டியை ஏறி ஓட்டினேன். தீபகற்பம் போனது, தீவுகள் போயின, தலைநகரத்தின் மேல் வெந்நீர் ஓடியது. புகை மாதிரி ஆவி எழும்பி அடங்கியது.

முதல் பாதி போதும் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

என் மனைவி அப்போது ஜுபைலில் நர்ஸ். சவூதியில், பெட்ரோகெமிக்கல் ஆலைகளுக்கு நடுவே ஒரு ஆஸ்பத்திரி. ஒரே வளைகுடா. அந்தக் கரையில் அவள், இந்தக் கரையில் நான், நடுவே ஒருகாலமும் உறையாத கடல். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி யாரும் கேட்காத ஊர்கள் இவை என்பது இவற்றின் வசதி. நான் தூத்துக்குடியில் மீனுக்கு ஐஸ் போடுகிற ஃபேக்டரியிலிருந்து வந்தவன், அவள் நாகர்கோவில் பக்கம். கல்யாணத்துக்கு முன்னாலேயே அவள் அந்தக் கரை, நான் இந்தக் கரை. கல்யாணத்துக்குப் போட்ட லீவு முடிந்ததும் அவரவர் கரைக்குத் திரும்பினோம்.

கல்யாணமான முதல் வருஷம் எங்கள் கம்பெனிக்கு ஜுபைலுக்குப் பக்கத்தில் தம்மாமில் ஒரு ரிங்க் வேலை வந்தது. அந்தச் சாக்கில், சொல்லாமல் கொள்ளாமல் ஜுபைலுக்குப் போய் அவள் ஹாஸ்டல் வாசலில் நின்றேன். டூட்டி முடிந்து பஸ்ஸிலிருந்து இறங்கியவள் என்னைப் பார்த்து வாயில் கையை வைத்துக்கொண்டாள். சிரித்தாள், அழுதாள், கூட வந்த மலையாளப் பிள்ளைகள் கை தட்டினார்கள். அடுத்த மாதமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு துபாயில் நான் இருக்கும் சத்வாவுக்கு வந்துவிட்டாள்.

சத்வாவில் தையல்கடைகளுக்கு மேலே எங்கள் ஃபிளாட். காலை முதல் தையல் மிஷின்களின் இரைச்சல் தரை வழியாக ஏறிவரும். அவளுடைய சர்ட்டிஃபிகேட்டுகள் துபாய் லைசன்ஸுக்காக மேசை மேசையாக நடந்தன. ஒன்று வந்தால் ஒன்று காலாவதியானது. விசாவில் ஹவுஸ் வைஃப் என்று அச்சடித்திருந்தது. அந்த எழுத்தை அவள் ஒருநாள் நகத்தால் சுரண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ரிங்கிலிருந்து குளிர்ந்து விறைத்து வருவேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து கீழே போகிறவர்களின் நடையைப் பார்த்து, இவருக்கு முட்டி போச்சு, அவருக்கு சுகர், என்று யாருக்குமில்லாத வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பாள். சில வருஷம் பொறுத்தாள். பழைய ஆஸ்பத்திரி கூப்பிட்டது, போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. ஏர்போர்ட்டில் டீ குடித்தோம்.

அதற்குப் பிறகு ஃபோனில்தான் குடும்பம். அவளுக்கு நைட் டூட்டி என்றால் எனக்கு மார்னிங். அவள் "ம்" கொட்டுகிற இடைவெளியை வைத்து அவள் எவ்வளவு களைத்திருக்கிறாள் என்று எனக்குச் சொல்லத் தெரியும்.

போன வருஷம் தை மாதம் அவள் சொன்னாள்: "ஜெர்மனிக்குக் கூப்பிடுதாங்க. லாங்குவேஜ் பரீட்சை பாஸாயிட்டேன். மாசக் கடைசி வரைக்கும் டைம் கேட்டிருக்கேன்."

அவள் ஜெர்மன் படிப்பது தெரியும். சும்மா படிக்கிறாள் என்று நினைத்திருந்தேன். "இங்க வந்துரு. இப்ப லைசன்ஸ் எல்லாம் முன்ன மாதிரி இல்ல, லேசா கிடைக்குதாம்" என்றேன்.

"நீங்க சொல்லுதது எனக்குப் புரியுது. நான் சொல்லுதது உங்களுக்குப் புரியுதா?"

"எந்த ஊரு?"

"வடக்கு ஓரம். டென்மார்க் பார்டர் பக்கமாம்."

அந்தப் படை கடலுக்குள் இறங்கிய கரைக்குச் சற்றுத் தெற்கே. இதை அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு என் புத்தி குதிரையும் பீரங்கியுமாகக் கிளம்பிவிட்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை, அதுதான் விஷயம். ஒருமுறை போய் நின்றேன், வந்தாள். இன்னொருமுறை போய் நின்றால் வருவாள். அவள் ஜெர்மனிக்குப் பதில் எழுதுவதற்குள் போய்விட வேண்டும். வருஷ லீவை மொத்தமாகப் போட்டேன்.

வெறுங்கையோடு போகக்கூடாது. நாவல்பழக் கலரில் ஒரு பட்டுச்சேலை எடுத்தேன். சேலை மட்டும் கொடுத்தால் பெட்டிக்குள் போய்விடும், ஜாக்கெட்டும் தைத்துக் கொடுத்தால்தான் கட்டுவாள். அலமாரியில் அவள் விட்டுப்போன ஜாக்கெட் ஒன்று இருந்தது. அதை அளவு ஜாக்கெட்டாகக் கீழே தையல்கடையில் கொடுத்தேன். தைக்கிறவர் புளியங்குடிக்காரர். துணியை விரித்துப் பார்த்துவிட்டு, "அளவு இதேதானா சார்? மேடத்தை ஒருவாட்டி கேட்டுக்கலாமே" என்றார்.

"கேட்டா சர்ப்ரைஸ் போயிரும்யா."

"அதுவும் சரிதான்" என்று டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

தம்மாம் பஸ்ஸில் ஏறினேன். மணல், மின்கம்பம், மணல், எல்லைச் சாவடி, வரிசை, முத்திரை, திரும்பவும் மணல். சேலைப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். பக்கத்து சீட்டு பாகிஸ்தானி டிரைவர், "கியா ஹை பாய், பிரியாணியா?" என்று தொட்டுப் பார்த்தார். தம்மாமிலிருந்து டாக்ஸி. ஜுபைலில் இறங்கும்போது வடக்கிலிருந்து குளிர்காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஆலைகளின் நெருப்பு நாக்குகள் பட்டப்பகலில் எல்லாம் ஒரே திசைக்குச் சாய்ந்திருந்தன.

ஹாஸ்டல் அதே ஹாஸ்டல்தான். மதில் மட்டும் உயர்ந்திருந்தது. வாட்ச்மேன் நேபாளி. அவள் வார்டையும் ஊரையும் சொன்னேன்.

"மேடம் நஹி ஹை பாய். ரியாத் கயா. எம்பசி."

ஜெர்மனி விசாவுக்கு. எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதவன் மாதிரி, உள்ளே உட்கார்ந்து காத்திருக்கலாமா என்று கேட்டேன். அவன் மதிலைக் காட்டினான். "ஜென்ட்ஸ் மம்னூ." ஆண்களுக்கு உள்ளே இடமில்லை என்பதை அவன் அரபியில் சொன்னபோது அது இன்னும் பழைய சட்டம் போல ஒலித்தது.

எதிரே ஒரு காஃபிடேரியா. போய் உட்கார்ந்து ஃபோன் அடித்தேன்.

"ஜுபைல்ல இருக்கேன்" என்றேன்.

"எந்த ஜுபைல்?"

"உன் ஹாஸ்டல் வாசல்ல."

அவள் பக்கம் ஆட்கள் நகர்கிற சத்தம். "ஏங்க, சொல்லாம கொள்ளாம வந்து நின்னா என்ன அர்த்தம்? நான் இங்க க்யூல நிக்கேன்."

"எதுக்கு?"

"எதுக்குன்னு உங்களுக்குத் தெரியாதாக்கும்." பிறகு குரல் இறங்கியது. "நாளைக்கு வந்து அப்படியே டூட்டிக்கு ஓடணும். வெள்ளிக்கிழமை அசர் தொழுகை முடிஞ்சு விசிட்டர் ரூம் திறப்பாங்க. அதுவரைக்கும் ரூம் போட்டுத் தூங்குங்க. சாப்பிடுங்க. வெறும் டீயக் குடிச்சிட்டு உக்காந்திராதீய."

வெறும் டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ரூம் எடுத்தேன், ஆனால் பகலெல்லாம் அந்த நாற்காலிதான். டீ போடுகிற தம்பி ராமநாதபுரம். அவனுக்கு என் கதை மறுநாளே தெரிந்துவிட்டது.

"அண்ணே, அந்தச் சுவத்தையே பாக்குறீங்களே, இடிஞ்சு விழுந்துரும்."

"விழட்டும்ல."

"விழுந்தா எங்க கடைக்குத்தான் நஷ்டம். காத்திருக்கிற புருஷம்மாரை நம்பித்தான் கடையே ஓடுது" என்று சிரித்து, கேட்காமலே ஒரு பரோட்டாவை வைத்துவிட்டுப் போனான்.

சும்மா இருக்க முடியாமல்தான் ஃபோனில் அந்தச் சண்டையின் இரண்டாம் பாதியைத் தேடிப் படித்தேன்.

பாதி நாட்டை வாங்கிக்கொண்டு, விருந்தும் சாப்பிட்டுவிட்டுப் போன ஸ்வீடன் அரசன், அந்தக் கோடையிலேயே ஒப்பந்தத்தை மீறித் திரும்பி வந்தான். இந்தமுறை முழுசாக வேண்டும். ஆனால் கோபன்ஹேகன் இந்தமுறை முழித்துக்கொண்டது. மாணவர்களும் மதுக்கடைக்காரர்களும் மதிலில் ஏறி மண் அள்ளிப்போட்டார்கள். டென்மார்க் அரசன் ஊரைவிட்டு நகர மறுத்துவிட்டான். முற்றுகை இலையுதிர்காலத்தைத் தாண்டியது. டச்சுக் கப்பல்கள் வழியை உடைத்துக்கொண்டு வந்து ஊருக்குச் சோறு இறக்கின. மறுபடி குளிர்காலம் வந்தது, மறுபடி தண்ணீர் உறைந்தது. ஐஸ் நம் பக்கம் என்று ஸ்வீடன் அரசன் நினைத்தான். ஒருமுறை சுமந்த ஐஸ் இன்னொருமுறை சுமக்காதா? பனியில் தெரியாமலிருக்கப் படை வெள்ளைச் சட்டைகளை மேலே போட்டுக்கொண்டு, அகழியைத் தாண்டப் பாலங்களைத் தூக்கிக்கொண்டு இரவில் பாய்ந்தது.

ஊர்க்காரர்கள் ஐஸை அறுத்துவிட்டிருந்தார்கள். மதிலைச் சுற்றி உறைய உறைய அறுத்து, கறுத்த தண்ணீரைத் திறந்தே வைத்திருந்தார்கள். தூக்கி வந்த பாலங்கள் எட்டவில்லை. மேலேயிருந்து பெண்கள் கொதிக்கும் தண்ணீரை ஊற்றினார்கள்.

டீ ஆறிப்போயிருந்தது. எதிர் மதிலுக்கு மேலே மொட்டைமாடிக் கொடியில் வெள்ளை நர்ஸ் சட்டைகள் வரிசையாகக் காற்றில் பாய்ந்துகொண்டிருந்தன. எது அவளுடையது என்று தேடினேன். அடையாளம் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விசிட்டர் ரூமைத் திறந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு தண்ணீர் மிஷின், மூலையில் தன் அண்ணனோடு கிசுகிசுத்துக்கொண்டிருந்த ஒரு பிலிப்பைன்ஸ் பெண். என் மனைவி அபாயா அங்கியில் வந்தாள். கண்ணுக்குக் கீழே தூக்கம் கறுத்திருந்தது. எதிரே உட்காராமல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சோப்பு வாசனையும் ஆஸ்பத்திரி வாசனையும்.

"மெலிஞ்சிட்டிய" என்றாள்.

பெட்டியை நீட்டினேன். சேலையைத் தடவிப் பார்த்தாள். பிறகு ஜாக்கெட்டை எடுத்து விரித்தாள். அபாயாவின் மேலேயே தோளோடு தோள் வைத்துப் பார்த்தாள். அவள் தோள் இரண்டு பக்கமும் வெளியே நின்றது. ஹூக் பக்கத்தை இழுத்துக் கூட்டினாள். கூடவில்லை.

"இது யாருக்குத் தைச்சது?"

"உனக்குத்தான். அளவு ஜாக்கெட் குடுத்துத்தான் தைச்சேன்."

"எந்த அளவு?"

"அலமாரில கிடந்தது."

"ஐயோ, அது நான் சத்வாவுக்கு வந்த புதுசுல போட்டதுல்லா!" சிரிக்க ஆரம்பித்தாள். மூலையிலிருந்த பிலிப்பைன்ஸ் பெண்ணும் என்னவென்று தெரியாமலே சிரித்தாள். "பேஷண்டத் தூக்கித் தூக்கி இந்தத் தோளப் பாருங்க, பயில்வான் கணக்கா ஆயிட்டு."

"பிரிச்சு விடலாம்ல? உள்ள துணி விட்டிருப்பாரு."

அவள் ஜாக்கெட்டைத் திருப்பி, தையலுக்கு உள்ளே மடிந்திருந்த துணியை விரலால் அளந்தாள். சிரிப்பு நின்றுவிட்டது.

"விட்டது பத்தாதுங்க."

சத்வா, லைசன்ஸ், புது ஃபிளாட் என்று நான் பேச வைத்திருந்ததெல்லாம் பஸ்ஸிலேயே எங்கோ இறங்கிப்போயிருந்தது.

"எப்போ போற?" என்றேன்.

"சித்திரைக்கு அப்புறம்." சேலையை மடித்துக்கொண்டே கேட்டாள்: "என்னைய போகாதேன்னு சொல்ல வந்தியளா, போய்ட்டு வான்னு சொல்ல வந்தியளா?"

"வந்துருன்னு சொல்லத்தான் வந்தேன். இப்பத் தெரியல."

"தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்கலாம். லீவு பூராத்தையும் போட்டுட்டு வந்து நிக்கிறிய. நான் போறதுக்கு முன்னால ஊருக்கு ஒரு நடை சேந்து போவோம்னு நினைச்சிருந்தேன். இனி உங்களுக்கு ஏது லீவு?"

அதை நான் யோசிக்கவில்லை. வாட்ச்மேன் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டினான். "கலாஸ், பாய்." அவள் எழுந்தாள். சேலையை எடுத்துக்கொண்டாள். ஜாக்கெட்டை என் மடியில் வைத்தாள். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. பிறகு எடுத்தாள்.

துபாய்க்குத் திரும்பி ரிங்குக்குப் போனதும் கிழவரிடம் சொன்னேன், இரண்டாம் பாதியைப் படித்துவிட்டேன் என்று.

"எனக்குப் பிடித்த பாதி" என்றார்.

"அந்தத் தோல்விக்கு அடுத்த குளிர்காலத்தில் எங்கள் ராஜா காய்ச்சலில் செத்துப்போனான், கடைசிவரை ஊருக்குள் நுழையாமலே" என்றாள் ஸ்வீடன்காரி. அன்றைக்கு அவள் கிண்டல் செய்யவில்லை.

சித்திரை முடிந்து என் மனைவி ஜெர்மனிக்குப் போனாள். ஒரு மணி நேர வித்தியாசத்தில் இருந்தவள் இன்னும் தள்ளிப்போனாள். கோடையில் கிழவரின் மகன் வேலை மாறி, குடும்பத்தோடு கிழவரையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். ஸ்வீடன்காரி வேறொரு ரிங்குக்குப் போனாள். காலையில் படம் கீறாத ஐஸ் மீது வண்டியை ஓட்டினேன். சிலநாள் யாருமில்லாதபோது பூட்ஸ் நுனியால் தீபகற்பத்தை நானே வரைந்துபார்த்தேன். கோணலாக வந்தது. இருந்தாலும் என் மனைவி போன ஊர் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, அதன்மேல் வண்டியை விட மனமில்லாமல் வளைத்து ஓட்டி, பிறகு சூப்பர்வைசர் வருவதற்குள் வந்து அதையும் மூடினேன்.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு மதியம் அவள் வீடியோவில் வந்தாள். பின்னால் வெளுத்த வானமும் சாம்பல் நிற ஏரியும்.

"ஏங்க, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். இது உறைஞ்சிருக்கு. கூட வேலை பாக்குறவங்க நடக்கலாம்ங்காங்க. எவ்வளவு கனம் இருந்தா ஆளைத் தாங்கும்?"

எழுந்து நின்றுவிட்டேன். "கால வைக்காத. யாராவது துளை போட்டு அளந்தாங்களா?"

"தெரியல."

"பெருவிரலோட சேத்து உள்ளங்கை அகலமாவது இருக்கணும். வெள்ளையா இருந்தா நம்பாத. கறுப்பா, தெளிவா இருந்தாத்தான் உறுதி. ஓரத்துல ஓடைத் தண்ணி வந்து சேருதான்னு பாரு, அந்த இடம் மெலிசா இருக்கும். ஒரு இடத்துல அளந்தாப் பத்தாது. போகப் போக அளக்கணும்."

அவள் ஃபோனைத் திருப்பி ஏரியைக் காட்டினாள். கனத்தை என்னால் பார்க்க முடியவில்லை. வெறும் வெளிச்சம்தான் தெரிந்தது. அவள் மூச்சின் ஆவி திரையின் ஓரத்தில் வந்து வந்து போனது.

"சரி, இறங்கல" என்றாள். "இங்க கோட்டு எல்லாம் தள்ளுபடில போட்டிருக்கான். உங்களுக்கு ஒண்ணு எடுத்து வைக்கேன். லீவு எப்பக் கிடைக்கும்?"

"கேட்டுப் பாக்கணும்."

"கேளுங்க. டேட்ட முன்னாடியே சொல்லிட்டு வாங்க. அப்புறம், உங்க அளவு வேணும். பழைய சட்டையப் பாத்து சொல்லாதீய. டேப்பு வச்சு எடுத்து அனுப்புங்க."

டூட்டி முடிந்து சத்வாவில் பஸ் இறங்கி நேராகத் தையல்கடைக்குப் போனேன். புளியங்குடிக்காரர் மிஷினை நிறுத்தினார். "மேடத்துக்கா சார்?"

"எனக்குத்தான். கோட்டு அளவு. தைக்க வேண்டாம், அளவு மட்டும் எழுதிக் குடுங்க."

அவர் கழுத்திலிருந்த டேப்பை உருவி என் எதிரே வந்து நின்றார்.

"கையத் தூக்குங்க சார்" என்றார்.

தெருவைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினேன்.